ஆப்கன் ஹவுண்ட்: கூப்பிட்டால் வராத நாயை எதற்காக வளர்ப்பது?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டது, 14 நவம்பர் 2023

ஆப்கன் ஹவுண்ட் குட்டி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். படத்தில் பார்த்த நாளிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. ஆனால் நாய் வளர்ப்பில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர், "அது அழகுப் பொம்மை. நாய்களிலேயே மூளை குறைந்தது. முடியை வாரி வாரியே உன் ஆயுள் போய்விடும்" என்கிறார். வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

14 நவம்பர் 2023, இரவு

எட்டு ஆண்டுகளாக ஆப்கன் பெண்நாய் ஒருத்தியோடு வாழ்கிறேன். மூளை குறைந்தது என்பது பொய். முடியைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது உண்மை. மீதியை நாளை எழுதுகிறேன், இது அவளை வெளியே கூட்டிப்போகும் நேரம்.

15 நவம்பர் 2023

இந்த "மூளை" விவகாரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி அலுத்திருக்கிறேன்.

1994இல் உளவியல் பேராசிரியர் ஒருவர் நாய் இனங்களை வரிசைப்படுத்தினார். வட அமெரிக்காவில் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு நடுவர்களாக இருக்கும் சுமார் 200 பேரிடம் கேட்டுத் தொகுத்த வரிசை அது. ஆட்டு மந்தை மேய்க்கும் பார்டர் கோலி முதல் இடம். ஆப்கன் 79ஆம் இடம், அதுவே கடைசி. கடைசி வகுப்பில் இருக்கும் நாய்களுக்கு ஒரு புதிய கட்டளை புரிய 80 முதல் 100 தடவை சொல்லித்தர வேண்டும், நான்கு முறை சொன்னால் ஒருமுறைதான் முதல் சொல்லுக்குக் கேட்கும் என்பது அந்தக் கணக்கு. அளந்தது என்ன? சொன்னதைச் செய்கிறதா என்பதை. சொன்னதைச் செய்வதும் அறிவும் ஒன்று என்றால், எங்கள் வகுப்பில் வாத்தியாருக்குத் தலையாட்டியவர்கள் எல்லோரும் மேதைகள் ஆகியிருக்க வேண்டும்.

ஆட்டு மந்தையை மடக்கும் நாய் மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடும். அதன் வேலை அப்படி. ஆப்கனின் வேலை வேறு. மலைச்சரிவில் முயலையோ மானையோ கண்ணால் கண்டு துரத்த வேண்டும். வேட்டைக்காரன் பின்னால் எங்கோ இருப்பான். முயல் இடப்பக்கம் திரும்புமா வலப்பக்கம் திரும்புமா என்பதை அந்த நொடியில் நாய்தான் தீர்மானிக்க வேண்டும். எஜமானின் உத்தரவுக்காக நின்ற நாய் முயலைத் தவறவிட்டிருக்கும், அதன் வம்சமும் தொடர்ந்திருக்காது. ஓடும்போது தானே முடிவெடுக்கும் நாயைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டு, இப்போது "உட்கார்" என்றால் யோசிக்கிறதே என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

எங்கள் சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் மேல்நோக்கித் தூக்கும் வகை. சாமந்தி அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, என் கையைப் பார்த்திருக்கிறாள். நான் தொலைபேசியில் பேசும்போது மட்டும்தான் அதைத் திறப்பாள். 80 தடவை சொல்லித்தர வேண்டிய நாயின் வேலையா இது?

15 நவம்பர் 2023, பிற்பகல்

சாமந்தி என்பது அவள் பெயர். இளமஞ்சள் உடம்பு, முகத்தில் கரிய பூச்சு. 2015 மே மாதம் ஒன்பது வாரக் குட்டியாக வந்தாள். நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக்கு வெளியே. தெருவில் உள்ளவர்களுக்குப் பெயர் நாவில் நிற்கவில்லை, "சாமி" என்று சுருக்கிவிட்டார்கள். அதனால் மைதானத்தின் நடுவில் நின்று நானும் "சாமி! சாமி!" என்று கூவுகிறேன். சாமி வரும்போதுதான் வரும். அதற்கு எங்கள் ஊரில் எல்லோரும் பழகியவர்கள்.

18 நவம்பர் 2023

இருவர் கேட்டிருக்கிறீர்கள், கூப்பிட்டால் வராத நாயோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று.

வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள், அவ்வளவுதான். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. முழு வேகத்தில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விலங்கு இது. தொலைவில் ஒரு முயல் அசைந்தால் காது அடைத்துவிடும். உங்களை அவமதிப்பதற்காக அல்ல, அந்த நேரத்தில் உலகத்தில் அந்த முயல் மட்டும்தான் இருக்கிறது. இங்கே ஆறடி வேலி போட்ட புல்வெளிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வாரம் இரண்டு முறை அங்கே விடுகிறேன். நான்கு சுற்று பறப்பாள், பிறகு புல்லில் சரிந்து கால்களை நீட்டிக்கொள்வாள். மற்ற நேரம் நடை, நாளுக்கு ஒரு மணி நேரமாவது. வீட்டுக்குள் அவள் இருப்பதே தெரியாது. குரைப்பது அபூர்வம்.

கடிந்து பழக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த இனத்தின் பக்கம் வராதீர்கள். ஒருமுறை அடித்தால் ஆப்கன் பணியாது, உங்களைவிட்டு விலகிப்போகும். அதை மறுபடி நெருங்கவைக்க மாதங்கள் ஆகும்.

2 டிசம்பர் 2023

"இது உண்மையிலேயே ஆப்கானிஸ்தான் நாயா, வெள்ளைக்காரன் உண்டாக்கியதா" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஆம்.

அங்கே இதற்குப் பெயர் தாஸி. பனியும் பாறையும் உள்ள மலைப்பகுதியில் அடர்த்தியான முடியோடும், தெற்கே வறண்ட சமவெளிகளில் குறைந்த முடியோடும் இருந்த வேட்டை நாய்கள். ஆப்கானிஸ்தானை ஒட்டிய அன்றைய இந்திய எல்லைப்புறத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் படை அதிகாரிகள் திரும்பும்போது கொண்டுவந்தார்கள். அவற்றில் பேர் வாங்கியது ஸார்டின் என்ற நாய். கேப்டன் பார்ஃப் என்பவர் கொண்டுவந்தது. 1907இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் பேச்சாகப் பேச, அலெக்சாண்ட்ரா அரசி அதைப் பக்கிங்காம் அரண்மனைக்கே வரவழைத்துப் பார்த்தார். அந்த நாயை வைத்துத்தான் இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற முதல் வருணனையே எழுதப்பட்டது.

பிறகு 1920களின் தொடக்கத்தில் மேஜர் பெல்-மரே வளர்த்த நாய்கள் ஸ்காட்லாந்துக்கு வந்தன. சமவெளி வகை, மெலிந்த உடல், குறைந்த முடி. 1925இல் மேரி ஆம்ப்ஸ் என்ற பெண்மணி காபூலில் தாம் வளர்த்தவற்றோடு இங்கிலாந்து வந்தார். மலைவகை, கட்டான உடல், அடர்ந்த முடி. அவற்றுக்கு கஸ்னி என்ற ஊரின் பெயர் நிலைத்தது. எது உண்மையான ஆப்கன் என்று இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டன. இன்று உலகில் இருக்கும் ஆப்கன்களில் பெரும்பாலானவை இந்த இரண்டும் கலந்த வழிதான். அமெரிக்காவுக்கு கஸ்னி வகையில் ஒரு ஜோடியைக் கொண்டுபோனவர் நகைச்சுவை நடிகர் ஸெப்போ மார்க்ஸ், 1930களின் தொடக்கத்தில்.

ஸார்டினின் பழைய புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். முடி இருக்கிறது, ஆனால் இன்றைய ஆப்கனைப்போல் தரையைக் கூட்டும் முடி இல்லை. இவ்வளவு முடி மேற்கத்தியக் கண்காட்சிகளின் வேலை. நடுவர்கள் பரிசு கொடுக்கக் கொடுக்க முடி வளர்ந்துகொண்டே போனது.

மலைநாய் என்பதற்கு உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. இடுப்பெலும்பு இரண்டும் மேலே துருத்தி அகன்று நிற்கும். ஓடும் வேகத்திலேயே சட்டென்று திரும்புவதற்கும் பாறைக்குப் பாறை தாவுவதற்கும் ஏற்ற உடல். பாதம் பெரியது, விரல்களுக்கிடையே மெத்தென்று முடி. பழகாதவர்கள் சாமந்தியின் முதுகைத் தடவிவிட்டு, "எலும்பு தெரிகிறதே, சாப்பாடு போடுவதில்லையா" என்பார்கள். அது பட்டினி எலும்பு இல்லை.

3 டிசம்பர் 2023

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. இந்தியாவுக்கும் தாஸிக்கும் நேரடி உறவு உண்டு. ராம்பூர் நவாப் அகமது அலி கான் உருவாக்கிய ராம்பூர் ஹவுண்ட், ஆப்கானிஸ்தான் தாஸியையும் ஆங்கிலேய கிரேஹவுண்டையும் கலந்து வந்தது என்பார்கள். அது குட்டைமுடி. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராம்பூரும் இருந்தது, நம் ராஜபாளையமும் இருந்தது.

நான் கோவில்பட்டிப் பக்கத்தவள். எங்கள் தாத்தாவிடம் கன்னி என்ற நம் ஊர் வேட்டைநாய் ஒன்று இருந்தது. கறுப்பு உடல், கண்ணுக்குமேல் செம்பழுப்புப் பொட்டு. கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும். ஊரார் யார் கூப்பிட்டாலும் தலை திருப்பாது. தாத்தா கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் தூக்கும். சாமந்தி வந்த முதல் வாரத்தில் அந்த ஒற்றைக் காதைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்த நாய் எனக்கு வெளிநாட்டு நாய் இல்லை.

9 டிசம்பர் 2023

முடி. இதை நீளமாகவே எழுத வேண்டும்.

குட்டியாக வரும்போது பஞ்சு பொதிந்ததுபோல் இருக்கும், முகவாயில் சிறு தாடிகூட இருக்கும், சிரமம் ஒன்றும் இல்லை. "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஏறக்குறைய ஒரு வயதில் குட்டிமுடி உதிரத் தொடங்கி, பெரிய முடி அதனூடே வளரும். உதிர்வது வெளியே விழாது, வளர்வதோடு சிக்கிக்கொள்ளும். காலையில் வாரிவிட்ட இடத்தில் மாலையில் சடை. அக்குள், காதுக்குப் பின்புறம், பின்னங்கால் இடுக்கு, இந்த மூன்றும்தான் முதலில் கட்டிக்கொள்ளும். பலர் நாயைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி 1970களில் ஆப்கன் வளர்த்தவர். அப்போது இந்த நாய் இங்கே பெரிய நாகரிகம். பார்பி பொம்மைக்குத் துணையாக வந்த நாய்ப் பொம்மைகூட ஆப்கன்தான். நாகரிகத்துக்காக வாங்கியவர்கள் ஒன்றரை வயதில், சடைபிடித்த கம்பளிபோல் ஆனதும், காப்பகத்தில் கொண்டுவந்து விட்டதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். உடம்பு முழுவதையும் மழித்தால்தான் தோலே தெரியும் என்ற நிலையில் வந்த நாய்களை அவரே மடியில் வைத்துச் சடை வெட்டியிருக்கிறார். சொல்லும்போது இன்றும் அவர் குரல் மாறுகிறது.

வாரும் முறை. காய்ந்த முடியை அப்படியே வாரினால் நுனி ஒடிந்துபோகும். தண்ணீரில் கொஞ்சம் கண்டிஷனர் கலந்து மேலாகத் தெளித்துக்கொள்ள வேண்டும். நீண்ட கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ் நல்லது. அம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரும்போது அடியைக் கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போவாரே, அதே முறைதான். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றுப்பக்கத்திலிருந்து வகிடு வகிடாக எடுத்து, தோல்வரைக்கும் வாருங்கள். மேலாக வாரினால் வெளியே பட்டுப்போல் மின்னும், உள்ளே கம்பளம் நெய்துகொண்டிருக்கும்.

வாரம் ஒருமுறை இப்படி முழுதாக வாரினால் போதும்.

குளியல் பத்து நாளுக்கு ஒருமுறை. சிக்கெடுக்காமல் நனைத்தால் சடை இறுகிப்போகும், பிறகு கத்திரிக்கோல்தான். குளியல் அரைமணி, உலர்த்த ஒன்றரை மணி. தேய்த்துத் துவட்டக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். சாமந்திக்கு மேசை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதில் ஏற்றுவேன். ஏற்றியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். இரண்டு மணி நேரமும் சுவரைத்தான் பார்ப்பாள். கடித்ததும் இல்லை, ஒத்துழைத்ததும் இல்லை.

சாப்பிடும்போது காது தட்டில் விழாமல் இருக்கத் தலைக்கு ஒரு குழாய்த்துணி மாட்டுவோம். என் கணவரின் பழைய சட்டைக் கையை வெட்டி, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். அதைப் போட்டதும் முக்காடிட்ட கிழவியைப்போல் ஆகிவிடுவாள்.

10 டிசம்பர் 2023

திருத்தம். "வாரம் ஒருமுறை போதும்" என்று எழுதியது தவறு. என் நாய்க்கு இப்போது, எட்டு வயதில், முடி பக்குவப்பட்ட பின், அது போதுமானதாக இருக்கிறது. ஒரு வயதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வயது வரைக்கும் நான் தினமும் முக்கால் மணி நேரம் வாரியிருக்கிறேன். அதை மறந்தே போனேன். கோவை நண்பர் என் பழைய வரியை நம்பிக் குட்டி வாங்கிவிடக் கூடாது என்பதால் முதல் வேலையாக எழுதுகிறேன்.

10 டிசம்பர் 2023, மாலை

முதுகில் மட்டும் முடி குட்டையாக இருப்பதைப் பார்த்து, அங்கே கத்தரிக்கிறோமா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. தோளிலிருந்து முதுகு நெடுக முடி தானாகவே உதிர்ந்து குட்டையாகும். சேணம் என்று சொல்வோம். முதிர்ந்த ஆப்கனுக்கு அதுவே அடையாளம்.

21 ஜனவரி 2024

இன்று பின்வாசல் கதவை எரிவாயு மீட்டர் பார்க்க வந்தவர் சரியாகச் சாத்தவில்லை. சாமந்தி போய்விட்டாள்.

மூன்று மணி நேரம். வயல்வெளியில் ஓடி ஓடிக் கூப்பிட்டேன். குளிர், நாலு மணிக்கே இருட்டிவிடும் காலம், அப்பால் பெரிய சாலை. பக்கத்து வீட்டு மூதாட்டிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "துரத்தாதே. துரத்தினால் அவளுக்கு அது ஓட்டப்பந்தயம். கடைசியாகப் பார்த்த இடத்தில் உன் கோட்டைப் போட்டுவிட்டு உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். இருட்டும் நேரத்தில் வேலியோரமாக வந்தாள், நடையாக, அவசரமே இல்லாமல். என்னைக் கடந்து போய், என் கோட்டின்மேல் படுத்துக்கொண்டாள்.

உடம்பெல்லாம் ஒட்டுப்புல்லும் சேறும். இரவு பதினொரு மணிவரை எடுத்துக்கொண்டிருந்தேன். கை நடுங்குகிறது, இன்னும் எழுத முடியவில்லை.

23 ஜனவரி 2024

விசாரித்த எல்லோருக்கும் நன்றி. நலமாக இருக்கிறாள். பாதத்தில் ஒரு சிராய்ப்பு. பின்வாசலுக்கு இரண்டாவது கதவு போட ஆள் சொல்லியிருக்கிறோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

11 பிப்ரவரி 2024

"இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒட்ட வெட்டிவிட்டால் என்ன" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நேராகச் சொல்கிறேன். வெட்டுவதற்கு ஆப்கன் எதற்கு? குட்டைமுடி வேண்டுமென்றால் குட்டைமுடி வேட்டைநாய்கள் எத்தனையோ இருக்கின்றன. மயிலை வாங்கித் தோகையைக் கத்தரிப்பவர் உண்டா? வாரும் நேரம் வீணான நேரம் இல்லை. நாயின் ஒவ்வொரு அங்குலமும் நம் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கட்டி, ஒரு புண், ஓர் உண்ணி எதுவும் தப்பாது. வெட்டினால் பழையபடி முழுதாக வளர இரண்டு வருடம்கூட ஆகலாம். நான் வெட்டமாட்டேன்.

17 மார்ச் 2024

வாரிய முடியைத் தோட்டத்தில் தொங்கவிட்டேன், நீலச்சிட்டுகள் கூட்டுக்குக் கொண்டுபோகின்றன என்று மகிழ்ச்சியோடு ஒரு படம் போட்டிருந்தேன் அல்லவா, அதை எடுத்துவிட்டேன். தெள்ளுக்கும் உண்ணிக்கும் மருந்து தடவிய நாயின் முடி குஞ்சுகளுக்கு ஆகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரியான பேச்சு, நான் யோசிக்கவே இல்லை. முடி இனிமேல் குப்பைக்கு.

30 மார்ச் 2024

ஸ்னப்பி பற்றிக் கேட்டவருக்கு. ஆம், உலகின் முதல் குளோனிங் நாய், அதாவது இன்னொரு நாயின் உயிரணுவிலிருந்து நகலாக உருவாக்கிய நாய், ஓர் ஆப்கன். 2005 ஏப்ரல் 24 அன்று சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டாய் என்ற மூன்று வயது ஆப்கனின் காதிலிருந்து எடுத்த உயிரணு. 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு, ஒன்று மூன்று வாரத்தில் நிமோனியாவால் இறந்தது. சுமந்து பெற்றது மஞ்சள் லாப்ரடார். தாய்க்குத் துளியும் ஒப்பில்லாத குட்டி என்று பார்த்த கண்ணுக்கே தெரிய வேண்டும் என்பதும் ஆப்கனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். அந்த ஆய்வுக் குழுவின் தலைவர் மனித உயிரணு ஆய்வில் செய்த மோசடி பிறகு வெளிப்பட்டது. ஆனால் நாய் மட்டும் உண்மையான குளோன்தான் என்று சோதனைகள் உறுதிசெய்தன.

எனக்கு அந்த 123 நாய்களின் நினைவுதான் வருகிறது. ஒன்றின் பெயரும் எங்கும் இல்லை.

12 மே 2024

வாரும்போது இடது தோளில் ஒரு கட்டி விரலில் பட்டது. நெல்லிக்காய் அளவு. நாளை மறுநாள் அறுவை.

மயக்கமருந்து பற்றி வேட்டைநாய் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்கன், சலூகி, கிரேஹவுண்ட், நம் சிப்பிப்பாறை, எல்லாம் கொழுப்பு குறைந்த உடம்பு. சில மயக்கமருந்துகள், முக்கியமாகப் பழைய பார்பிசுரேட் வகை, இந்த உடம்பைவிட்டு எளிதில் நீங்காது, மயக்கம் தெளிய நெடுநேரம் ஆகும். மருத்துவரிடம் முன்கூட்டியே "இது வேட்டைநாய் இனம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எடையை அன்றைக்கே நிறுத்துச் சொல்லுங்கள். விழிக்கும்போது உடம்பு சில்லிட்டுப்போகும், போர்வை கொண்டுபோங்கள். இதோடு, இந்த இனத்தில் நெஞ்சுக்கூட்டில் நிணநீர் தேங்கும் நோயும், இளவயதுக் கண்புரையும் வரக்கூடும். மூச்சு வாங்கினால் "வெயில்" என்று விட்டுவிடாதீர்கள். குட்டி வாங்கும்போது தாய் தந்தையின் கண் பரிசோதனையைக் கேளுங்கள்.

19 மே 2024

நல்ல கட்டிதான், கெட்டது இல்லை. ஒரு வாரமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டேன்.

தோளையும் பாதி விலாவையும் மழித்துவிட்டார்கள். புண் ஆறும்வரை நனைக்கக் கூடாது. இரண்டு வாரமாவது குளியல் இல்லை, அந்தப் பக்கம் படுக்கவைக்கவும் முடியாது.

8 ஜூன் 2024

வெட்டிவிட்டேன்.

பிப்ரவரியில் எழுதியதை நினைவில் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்பதற்குள் நானே சொல்கிறேன். மூன்று வாரம் வாராததால் மற்றப் பக்கத்தில் சடை தோலோடு ஒட்டிவிட்டது. எனக்கும் வலது மணிக்கட்டில் சில மாதங்களாக வலி. ஒரு மணி நேரம் முயன்றேன். அவள் சுவரைப் பார்த்தபடி நடுங்கினாள். சத்தமே இல்லாமல் நடுங்கினாள். பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தேன். ஒரு அங்குலம் விட்டு உடம்பு முழுவதும். காதையும் வாலையும் மட்டும் தொடவில்லை.

வெட்டி முடித்ததும் அழுகையாக வந்தது. மேசையில் ஒரு மெலிந்த, பெரிய கண்களுள்ள, வேறு நாய் நின்றது. தாத்தாவின் கன்னிநாயைப் போலவே இருந்தது.

9 ஜூன் 2024

இன்று வேலி போட்ட புல்வெளிக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது வயது நாய் குட்டியைப்போல் ஓடியது. ஏழு சுற்று. தோள் தசை எப்படி உருளுகிறது, முதுகு எப்படி வில்லாக வளைந்து நிமிர்கிறது என்று முதல்முறையாகப் பார்த்தேன். எட்டு வருடமாக என் முன்னால் ஓடிய உடம்பு, முடி மறைத்திருந்தது. ஓடையிலும் இறங்கினாள். முன்பெல்லாம் ஓடையைக் கண்டால் கயிற்றைச் சுருக்கிப்பிடிப்பேன், நனைந்தால் என் ஞாயிறு போய்விடும் என்று.

"மயிலின் தோகை" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தோகை மயிலுக்கு உரியது. இந்த அளவு முடியில் பாதி கண்காட்சிக்கு உரியது, மீதி என்னுடைய ஆசைக்கு. டிசம்பரில் ஸார்டினைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன், எழுதியும் எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் வாரும்போதுதானே கட்டி விரலில் பட்டது என்று கேட்பீர்கள். அதுவும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று இன்னும் யோசிக்கிறேன்.

14 ஜூலை 2024

கோவை நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார், முடிவெடுக்க வேண்டிய நேரம் என்று.

வெயிலை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தாஸி வெயில் அறியாத நாய் இல்லை, ஆப்கானிஸ்தான் சமவெளியின் கோடையும் கொடியது. நம் ஊரில் சிக்கல் ஈரப்பதமும் உண்ணியும். மழைக்காலத்தில் அடிமுடி காயாமல் தோலில் புண் வரும். இவ்வளவு முடிக்குள் உண்ணியைத் தேடுவது வைக்கோல்போரில் குண்டூசி தேடுவது, உண்ணிக்காய்ச்சல் நாயைக் கொண்டுபோய்விடும். நாயுருவியும் நெருஞ்சியும் உள்ள தரிசில் ஒருமுறை நடந்தால் ஒரு மணி நேர வேலை. வெட்டி வளர்த்தால் இதில் பாதி குறையும். அப்படி வளர்க்கச் சம்மதமென்றால், அதாவது படத்தில் பார்த்த முடி இல்லாமலும் அந்த நாய் உங்களுக்கு வேண்டுமென்றால், ஆறடி வேலியும் தினமும் ஒரு மணி நேரமும் இருந்தால், வாங்குங்கள். மனம் முடியில்தான் நிற்கிறது என்றால் வாங்காதீர்கள். நான் இப்படிச் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். காப்பகத்தில் சடை வெட்டிய கைகள் என் பக்கத்து வீட்டில் இருக்கின்றன, நான் வேறு மாதிரி சொல்ல முடியாது.

20 ஜூலை 2024

கோவை நண்பர் ஒரு வருடம் பொறுப்பதாகச் சொல்கிறார். அதற்கிடையில் உடுமலைப் பக்கம் ஒருவர் வைத்திருக்கும் ஆப்கனை ஞாயிறுதோறும் போய் வாரிவிட அனுமதி வாங்கியிருக்கிறாராம். இவ்வளவு நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை.

29 செப்டம்பர் 2024, ஞாயிறு

முடி மூன்று அங்குலம் வளர்ந்திருக்கிறது. எவ்வளவு விடுவது என்று நானும் கணவரும் இன்னும் முடிவுசெய்யவில்லை. நான்கு அங்குலத்தில் நிறுத்தலாம் என்கிறேன். கழுத்திலும் காலிலும் மட்டும் நீளமாக விடலாம் என்கிறார் அவர்.

வெட்டியதிலிருந்து மேசையை மடித்துக் கொட்டகையில் வைத்திருந்தேன். இன்று வேறு வேலைக்காக அதை எடுத்துவந்து வராந்தாவில் விரித்தேன். மணி பத்து இருக்கும். நான் கூப்பிடவில்லை. தோட்டத்தின் கோடியிலிருந்து சாமந்தி வந்தாள், மேசையில் ஏறிப் படுத்தாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காதை மட்டும் வாரிவிட்டேன். அரைமணி நேரம் ஆயிற்று.